பத்துக்கு ஒன்று

2025 அக்டோபர் 22 அன்று, அமெரிக்காவின் பெல்வியூ நகரில் உள்ள வால்வ் நிறுவனம் தன் 'கவுன்டர்-ஸ்டிரைக் 2' என்ற வீடியோ கேமில் ஒரு விதியை மாற்றியது. அதுவரை ஒரு கத்தி வேண்டுமென்றால் பெட்டி திறந்து அதிர்ஷ்டத்தில் பெற வேண்டும். அல்லது வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். புதிய விதிப்படி, அருமையில் கத்திக்கு அடுத்ததான 'சிவப்பு' நிலையில் உள்ள ஐந்து பொருள்களைக் கொடுத்தால் ஒரு கத்தியோ ஒரு ஜோடிக் கையுறையோ கிடைக்கும்.

விலைகளைக் கண்காணிக்கும் தளங்களின் மதிப்பீட்டில், முந்தைய நாள் வரை இந்த விளையாட்டின் அலங்காரப் பொருள்களின் மொத்தச் சந்தை மதிப்பு ஏறத்தாழ 600 கோடி டாலர். அடுத்த ஓரிரு நாள்களில் அது 420 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. திருட்டு நடக்கவில்லை. கணினிக் கோளாறும் இல்லை. முன்னறிவிப்பும் இல்லை.

இந்தப் பொருள்களுக்கு விளையாடுபவர்கள் வைத்த பெயர் 'ஸ்கின்'. துப்பாக்கியின் மீதோ கத்தியின் மீதோ தெரியும் வண்ணப்பூச்சு, அவ்வளவுதான். ஸ்கின் போட்ட துப்பாக்கியில் குண்டு வேகமாகப் போகாது. குறி கூடுதலாக அமையாது. வெற்றி தோல்வியில் அதற்குப் பங்கே இல்லை. வால்வ் இவற்றை இந்த விளையாட்டின் முந்தைய பதிப்பில் 2013 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. விளையாட்டின் போக்கில் பூட்டிய பெட்டி ஒன்று வந்து விழும். அதைத் திறக்கச் சாவி வேண்டும். ஒரு சாவியின் விலை 2.49 டாலர்.

பெட்டிக்குள் என்ன வரும் என்பதன் வாய்ப்பு விகிதத்தை வால்வ் முதல் நான்கு ஆண்டுகள் வெளியிடவில்லை. சீன அரசு, 2017 மே முதல் இத்தகைய குலுக்கல்களின் விகிதத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகு, சீனாவில் இந்த விளையாட்டை நடத்தும் 'பெர்ஃபெக்ட் வேர்ல்டு' நிறுவனம் எண்களை வெளியிட்டது. எளிதில் கிடைக்கும் நிலையிலிருந்து அரிய நிலை வரை அவை இவை: நீலம் 79.92 சதவீதம். ஊதா 15.98. இளஞ்சிவப்பு 3.2. சிவப்பு 0.64. கத்தியும் கையுறையும் அடங்கிய தங்க நிலை 0.26.

0.26 சதவீதம் என்றால், சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டும் ஏறத்தாழ 958 டாலர். ஆனால் சராசரி என்பது உறுதிமொழி அல்ல. ஒவ்வொரு பெட்டியும் தனிக் குலுக்கல். முந்தைய பெட்டியில் கிடைக்காதது அடுத்த பெட்டியின் வாய்ப்பைக் கூட்டாது. 385 பெட்டி திறந்த 100 பேரில் சுமார் 37 பேரிடம் ஒரு கத்திகூட இருக்காது. 1,000 பெட்டி திறந்தவர்களிலும் 100க்கு 7 பேரிடம் இருக்காது. அவர்கள் ஒவ்வொருவரும் சாவிக்காகச் செலவிட்டது 2,490 டாலர்.

பெட்டி திறப்பவரிடம் சேர்வதில் ஐந்தில் நான்கு, நீல நிலை ஸ்கின்கள். அவற்றில் பலவற்றின் விலை சாவி விலையில் ஒரு சிறு பகுதிதான். யாருக்கும் வேண்டாத இந்தக் குவியலை என்ன செய்வது? அதற்காகவே இருக்கிறது 'ட்ரேட்-அப் கான்ட்ராக்ட்': ஒரே நிலையில் உள்ள பத்து ஸ்கின்களைக் கொடுத்து, அடுத்த உயர்நிலையில் ஒன்றைப் பெறும் ஒப்பந்தம். திரையில் ஒரு காகிதம் வரும். விளையாடுபவர் அதில் மவுஸால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் பத்தும் அழிந்துவிடும். திரும்பப் பெற வழியில்லை.

படிகளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து நீலம் ஓர் ஊதா. நூறு நீலம் ஓர் இளஞ்சிவப்பு. ஆயிரம் நீலம் ஒரு சிவப்பு. 2025 அக்டோபர் விதியையும் சேர்த்தால், ஐயாயிரம் நீலம் ஒரு கத்தி.

இது கடையில் சில்லறை கொடுத்து நோட்டு வாங்குவது போன்றதல்ல. எந்த ஊதா, எந்தச் சிவப்பு வரும் என்பது மீண்டும் குலுக்கல். ஸ்கின்கள் 'கலெக்‌ஷன்' என்ற தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கொடுக்கும் பத்தும் எந்தெந்தத் தொகுப்பைச் சேர்ந்தவையோ, அவற்றின் மேல்நிலையிலிருந்துதான் ஒன்று வரும். ஒன்பது ஒரு தொகுப்பிலிருந்தும் ஒன்று இன்னொரு தொகுப்பிலிருந்தும் கொடுத்தால், இரண்டிலும் மேல்நிலை ஸ்கின்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது, இரண்டாவது தொகுப்பிலிருந்து கிடைக்க வாய்ப்பு 10 சதவீதம். விலை மலிந்த ஒன்பதை நிரப்பிக்கொண்டு, விலை உயர்ந்த ஒன்றின் வழியாக அந்த 10 சதவீதத்தைத் துரத்துவது பலருடைய உத்தி.

இதற்கு மேல் 'ஃப்ளோட்' என்ற எண் ஒன்று உண்டு. ஸ்கின் எவ்வளவு தேய்ந்தது போலத் தெரிகிறது என்பதை 0 முதல் 1 வரை குறிக்கும் அளவு. 0.07க்குக் கீழே புத்தம்புதியது, 0.45க்கு மேல் கீறல் விழுந்தது. ஒரே ஸ்கின்னின் விலை இந்த எண்ணைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். ஒப்பந்தத்தில் கொடுக்கும் பொருள்களின் தேய்மானச் சராசரியிலிருந்தே கிடைக்கும் பொருளின் தேய்மானம் கணக்கிடப்படுகிறது. ஆகவே கணக்குப் போடலாம். போடுகிறார்கள். அதற்கென்றே கணிப்பான்கள், அட்டவணைகள், பாடம் நடத்தும் யூடியூப் காணொளிகள் உள்ளன. கணக்கில் கெட்டிக்காரனான பதினைந்து வயதுப் பையனுக்கு இது சூதாகத் தெரியாது. திறமையாகத் தெரியும். எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு. 100 ரூபாய் ஸ்கின்கள் பத்து. போட்டது 1,000 ரூபாய். வரக்கூடியவை இரண்டு. 20 சதவீத வாய்ப்பில் 4,000 ரூபாய் ஸ்கின். 80 சதவீத வாய்ப்பில் 200 ரூபாய் ஸ்கின். ஐந்து முறையில் ஒரு முறை நான்கு மடங்கு கிடைக்கிறது. நூறு ஒப்பந்தம் போட்டால் செலவு ஒரு லட்சம். கிடைத்தவற்றின் விலை 96,000. அவற்றை ஸ்டீம் சந்தையில் விற்கக் கட்டணம் உண்டு. ஸ்டீம் என்பது வால்வ் நடத்தும் விளையாட்டுக் கடை. விற்பவர் கைக்கு 100 ரூபாய் வர, வாங்குபவர் 115 கொடுக்க வேண்டும். அந்த 15 ரூபாயில் 5 ஸ்டீமுக்கு, 10 விளையாட்டுக்கு. இரண்டும் வால்வுக்கே. 96,000 இப்போது 83,500 ஆகிவிட்டது. நூற்றில் இருபது முறை வென்றவரிடம் 16,500 ரூபாய் குறைகிறது. அந்த இருபதும் காணொளியாகும். எண்பதைப் படம் பிடிப்பவர் குறைவு.

மீதமுள்ள 83,500ம் ரொக்கமல்ல. ஸ்டீம் கணக்கில் உள்ள 'வாலட்' தொகை அது. அதைக்கொண்டு மேலும் விளையாட்டு வாங்கலாம், ஸ்கின் வாங்கலாம், சாவி வாங்கலாம். வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது. ரொக்கம் வேண்டுமென்றால் வெளித் தளங்களுக்குத்தான் போக வேண்டும். ஸ்கின்னை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்ற முடிகிற வரை, அந்தத் தளங்கள் இருக்கும்.

விற்பனைத் தளங்களின் பக்கத்திலேயே சூதாட்டத் தளங்கள் முளைத்தன. சூதாட்டத் துறையை ஆராயும் 'ஐலர்ஸ் அண்டு கிரெய்சிக்' நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2015ஆம் ஆண்டில் மட்டும் 230 கோடி டாலர் மதிப்புள்ள ஸ்கின்கள் பந்தயமாக வைக்கப்பட்டன. சில்லுக்குப் பதில் ஸ்கின். மற்றபடி ரூலெட் ரூலெட்தான். 2016 ஜூலையில் ஒரு செய்தி வெளிவந்தது. ஒரு ஸ்கின் சூதாட்டத் தளத்தில் பெருந்தொகை வென்றதாகக் காணொளி போட்டுவந்த இரு பிரபல யூடியூபர்கள், அந்தத் தளத்தின் உரிமையாளர்கள். பார்வையாளர்களிடம் அதைச் சொல்லவில்லை. அமெரிக்க வணிக ஆணையம் 2017 செப்டம்பரில் அவர்களுடன் சமரசம் செய்துகொண்டது. அபராதம் இல்லை.

அதே 2016 ஜூலையில் வால்வ் 23 தளங்களுக்குத் தடை நோட்டீஸ் அனுப்பியது. அக்டோபரில் வாஷிங்டன் மாநிலச் சூதாட்ட ஆணையம், சூதுக்காக ஸ்கின்கள் கைமாறுவதை நிறுத்துமாறு வால்வுக்கே உத்தரவிட்டது. தான் சட்டம் எதையும் மீறவில்லை என்று வால்வ் பதில் அனுப்பியது. மூடிய தளங்களுக்குப் பதில் வேறு தளங்கள் வந்தன.

இன்று அவற்றில் பரவலாக உள்ள ஒரு விளையாட்டுக்கு 'அப்கிரேடர்' என்று பெயர். கையிலுள்ள ஸ்கின்னை வைத்து, அதைவிட விலை கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முள் சுற்றும். இரு மடங்கு விலையுள்ளதைக் கேட்டால் வாய்ப்பு பாதிக்குக் கீழே. அந்தக் குறைவுதான் தளத்தின் வருமானம். தோற்றால் கையிலிருந்ததும் போய்விடும். விளையாட்டுக்குள் உள்ள ஒப்பந்தத்தில் பழகியவருக்கு இது புதிதல்ல. இருப்பதைக் கொடுத்து அரியதைக் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

பிரிட்டன் சூதாட்ட ஆணையம் 2017இல் நடத்திய ஆய்வில், 11 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 11 சதவீதத்தினர் விளையாட்டுப் பொருள்களை வைத்துப் பந்தயம் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். ஒன்பது பேருக்கு ஒருவர். 2018இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளிவந்த ஆய்வு 7,000க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களைக் கேட்டது. இத்தகைய பெட்டிகளுக்கு அதிகம் செலவிடுபவர்களிடம் சூதாட்ட அடிமைத்தனமும் அதிகம் காணப்பட்டது. பெட்டி சூதாடியை உருவாக்குகிறதா, சூதாடி பெட்டியைத் தேடி வருகிறாரா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் பணம் வருவது அதே ஆட்களிடமிருந்துதான். பெட்டிகளின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி, வாங்குபவர்களில் 5 சதவீதத்தினரிடமிருந்து வருவதாக 2021இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அரசுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஜப்பான் முந்திக்கொண்டது. குலுக்கலில் வரும் பொருள்களை ஒரு முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் மட்டுமே அரிய பொருள் கிடைக்கும் என்ற முறை அங்கே கைபேசி விளையாட்டுகளில் பரவியிருந்தது. 2012இல் ஜப்பானிய நுகர்வோர் முகமை அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அப்படி நடக்கப் போகிறது என்ற செய்திக்குப் பின் பங்குச் சந்தை திறந்ததுமே, அந்த முறையில் பெரும் வருமானம் பார்த்த இரு நிறுவனங்களின் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. சிறு பரிசுகளைப் பெரிய பரிசுக்குப் படியாக்கும்போது, பாதியில் நிறுத்துபவருக்கு அதுவரை செலவிட்டது அத்தனையும் வீண். நிறுத்தாமல் தொடர வைப்பது அந்தக் கணக்குத்தான்.

பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில், கவுன்டர்-ஸ்டிரைக் பெட்டிகள் நாட்டின் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று முடிவு செய்தது. நெதர்லாந்திலும் அதே ஆண்டு நடவடிக்கை வந்தது. அங்கே வால்வ் சில காலம் பொருள் பரிமாற்றத்தையே நிறுத்தி வைத்தது. பிரான்சில் 2019 முதல், பெட்டியில் இருப்பதைத் திறக்கும் முன்பே காட்டும் முறையை வால்வ் கொண்டுவந்தது. முறையை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மற்ற பெரும்பாலான நாடுகளில் சாவியும் பெட்டியும் பழையபடி இருந்தன.

பணமாக மாற்றத்தக்க எதையும் திருடர்கள் விட்டுவைப்பதில்லை. மாதத்துக்கு ஏறத்தாழ 77,000 ஸ்டீம் கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் வால்வே சொன்னது. 2019 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு: கைமாறும் சாவிகளில் ஏறத்தாழ எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டவை என்று கருதுவதாக வால்வ் தெரிவித்து, அதன் பிறகு வாங்கப்படும் சாவிகளைக் கைமாற்ற முடியாதபடி செய்தது. உலகளாவிய மோசடிக் கும்பல்கள் ஒரு துப்பாக்கி விளையாட்டின் சாவி வழியாகப் பணத்தை வெளுத்துக்கொண்டிருந்தன.

2025 அக்டோபரில் நடந்தது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு வகை. அங்கே மோசடி செய்தவர் எவரும் இல்லை. கத்திகள் அரியவை என்று நம்பி அவற்றைச் சேமிப்பாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்த அருமை இயற்கையானதல்ல; ஒரு நிறுவனம் 0.26 என்று எழுதி வைத்த எண். ஐந்து சிவப்புக்கு ஒரு கத்தி என்று அதே நிறுவனம் இன்னொரு வரி எழுதியதும் கத்திகளின் விலை விழுந்தது. சில டாலருக்குக் கிடைத்த சிவப்பு ஸ்கின்கள் பல மடங்கு ஏறின. யாருக்கும் இழப்பீடு இல்லை. ஸ்டீம் ஒப்பந்தத்தின்படி பயனர் எதற்கும் உரிமையாளர் அல்ல; பயன்படுத்த அனுமதி பெற்றவர் மட்டுமே. உரிமையே இல்லாத பொருளுக்கு இழப்பீடு கேட்க முடியாது.

ஸ்டீம் கணக்குத் தொடங்க 13 வயது போதும். இந்தியாவில் 2015 முதல் விலைகள் ரூபாயில்தான் வருகின்றன. உங்கள் வீட்டில் ஒரு ஸ்டீம் கணக்கு இருந்தால், கணக்கு விவரங்களில் வாங்கியவற்றின் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கிறது. வாங்கிய ஒவ்வொரு சாவியும், வாலட்டில் போட்ட ஒவ்வொரு தொகையும் தேதியோடு அதில் இருக்கும். பிள்ளையோடு உட்கார்ந்து அதைக் கூட்டிப் பாருங்கள். கடைக்கும் சந்தைக்கும் போகாதபடி பிள்ளையின் கணக்கைக் கட்டுப்படுத்தும் வசதி அதே ஸ்டீமில் உண்டு. யாராவது போய் இயக்காத வரை அது இயங்காது.