அரசரைக் காக்கும் நீலப்படை

இங்கிலாந்து அரசரின் மெய்காவற் குதிரைப்படைகள் இரண்டு. அவற்றுள் நீலப்படையின் வரலாறு வியக்கத்தக்கது. இன்று முடியைக் காக்கும் அப்படை, முடியாட்சியை ஒழித்தோராலேயே தோற்றுவிக்கப்பட்டது.

முதலாம் சார்ல்ஸ் மன்னர் 1649இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். மறு ஆண்டில், கிராம்வெல்லின் கட்டளைப்படி ஸர் ஆர்தர் ஹேஸல்ரிக் என்பார் இப்படையைத் திரட்டினார். 1660இல் முடியாட்சி மீண்டதும் பழம்படைகள் கலைக்கப்படலாயின. ஆயின், 1661 ஜனவரியில் வென்னர் என்பவன் லண்டனில் கலகம் விளைத்தான். காவற்படையின்றி அரசு நிலையாதென உணர்ந்த இரண்டாம் சார்ல்ஸ், தந்தையின் பகைவர்பால் பணிபுரிந்த வீரர் பலரையே ஆக்ஸ்போர்டுப் பிரபுவின் தலைமையில் தம் படையாக அமைத்துக்கொண்டார். அவர்களுடைய நீலச் சட்டையே படைக்குப் பெயராயிற்று.

1760இல் ஜெர்மனியிலுள்ள வார்பர்க் களத்தில், பிரெஞ்சுக்காரர்மீது பாய்ந்த குதிரைவீரரை நடத்திச் சென்ற கிரான்பி பிரபுவின் தொப்பியும் பொய்ம்மயிரும் காற்றிற் பறந்தன. வழுக்கைத் தலையோடே அவர் முன்னேறினார், வெற்றியும் கிட்டியது. அதன் நினைவாகத் தலையணியின்றியும் வணக்கஞ்செய்யும் உரிமை பிரிட்டிஷ் சேனையில் இப்படைக்கு மட்டுமே உண்டு.

1969இல் ராயல் டிரகூன் என்னும் படை இதனோடு இணைந்தது. 1982 ஜூலை 20ஆம் நாள், லண்டன் ஹைடு பூங்காவில் காவலுக்குச் சென்ற அணியைக் குண்டு தாக்கிற்று. நான்கு வீரரும் ஏழு குதிரைகளும் மாண்டனர். அவ்விடத்தைக் கடக்கும் அணியினர் இன்றும் உருவிய வாளோடு வணக்கஞ்செலுத்துவர்.

பழம்பகையை நெஞ்சிற்கொள்ளாது சார்ல்ஸ் செய்த அவ்வொரு செயல், முந்நூற்றறுபது ஆண்டிற்கு மேலாக அரசிற்குக் காவலாய் நிற்கின்றது.