அறுவைச் சிகிச்சை ஸ்டேப்ளர் கருவிகளின் வடிவமைப்பு மேம்பாடு: நெய்வேலி அகழ்பொறி அனுபவத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குடல், இரைப்பை, நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளை வெட்டவும் இணைக்கவும் கைத்தையலுக்கு மாற்றாகப் பயன்படும் ஸ்டேப்ளர் கருவிகள் 1908 முதல் படிப்படியாகத் திருத்தம் பெற்று வந்துள்ளன. அவற்றின் செயல்முறை, வடிவமைப்பில் நேர்ந்த மாற்றங்கள், இன்றும் தீராத குறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. திசுவின் இயல்பையும் கருவியைக் கையாளும் கையின் இயல்பையும் எவ்வளவு சரியாக அறிகிறோமோ அவ்வளவே வடிவமைப்பு மேம்படும் என்பதும், அவ்வறிவு பெரும்பாலும் குறைகளை முறையாகப் பதிவதிலிருந்தே கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. நெய்வேலிச் சுரங்க அகழ்பொறிகள் பெற்ற மாற்றம் இதற்கு ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்

ஸ்டேப்ளர், திசுத் தடிமன், பட்டடை, கசிவு, குறைப்பதிவு, மருத்துவக் கருவி விதிகள், நெய்வேலி.

முன்னுரை

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி 1957ஆம் ஆண்டு தொடங்கியது. நிலக்கரிப் படலத்தின் மேலிருந்த மண்ணை அகற்ற, பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்ட அகழ்பொறிகள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்டன. ரைன் ஆற்றுப் பகுதியின் மணலும் களிமண்ணும் கலந்த மென்மையான நிலத்தில் நன்கு பணியாற்றிய பொறிவகை அது. நெய்வேலியிலோ அது கடலூர் மணற்பாறையைச் சந்தித்தது. கடினமும் அராவும் தன்மையும் கொண்ட அப்பாறையில் வாளிப் பற்கள் விரைந்து தேய்ந்தன. பாறையை முன்னதாகவே வெடிவைத்துத் தளர்த்துவதும், பற்களை இந்நிலத்திற்கேற்ப மாற்றி அமைப்பதும் நடைமுறைக்கு வந்தன.

அகழ்பொறி பழுதான பொறி அன்று. அது வேறொரு நிலத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட பொறி. ஒரு கருவியின் தகுதியை அது சந்திக்கும் பொருளோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. இவ்வுண்மை மிக நுண்ணிய அளவிலும், உயிரைச் சார்ந்தும் வெளிப்படும் இடம் அறுவை அரங்கு. அங்குப் பயன்படும் ஸ்டேப்ளர் கருவிகளுள் உள்ளுறுப்புகளுக்கு உரியவை மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன. தோலை மூடும் எளிய ஸ்டேப்ளர்கள் கருதப்படவில்லை.

கருவியின் செயல்முறை

உள்ளுறுப்பு ஸ்டேப்ளரின் முனையில் இரண்டு தாடைகள் உள்ளன. ஒரு தாடையில் பின்கள் நிறைந்த கூடு இருக்கும். மருத்துவமனைகளில் இது கார்ட்ரிட்ஜ் எனப்படும். மறு தாடை பட்டடையாகும். கொல்லர் பட்டறையில் பட்டடை செய்யும் பணியையே இதுவும் செய்கிறது. கூட்டிலிருந்து தள்ளப்படும் பின்னின் இரு கால்களும் திசுவைத் துளைத்துப் பட்டடையில் உள்ள குழிகளில் மோதி உள்நோக்கி வளைகின்றன. வளைந்த பின் ஆங்கில எழுத்தான ‘பி’யின் வடிவத்தைப் பெறுகிறது. இவ்வடிவத்தின் இரு கண்களுக்கிடையே நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்காமல் தப்புவதால் வெட்டிய விளிம்புக்கு இரத்த ஓட்டம் தொடர்கிறது. விளிம்பு உயிரோடிருந்தால்தான் காயம் ஆறும்.

பின்கள் ஒரே வரிசையில் அமைவதில்லை. ஒரு வரிசையின் இடைவெளியை அடுத்த வரிசையின் பின் மறைக்குமாறு அவை மாறி மாறி அடுக்கப்படுகின்றன. நேர்கோட்டு வெட்டு ஸ்டேப்ளரில் வரிசைகளின் நடுவே கத்தி ஓடுவதால் திசு ஒரே இயக்கத்தில் வெட்டவும்படுகிறது, இருபுறமும் மூடவும்படுகிறது. பின்கள் பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனவை. எளிதில் வளைதல், உடலோடு ஒத்துப்போதல், காந்த ஈர்ப்புக்கு ஆட்படாமை ஆகியன அவ்வுலோகம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள்.

வடிவமைப்பு கடந்துவந்த கட்டங்கள்

குடலின் காயத்தை நூலின்றி மூடும் எண்ணம் பழமையானது. எறும்புகளைக் கடிக்கச் செய்து அவற்றின் தலைகளை அங்கேயே விட்டுவிடும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் கூறப்பட்டுள்ளது. இயந்திர வடிவில் இவ்வெண்ணத்தை நிறைவேற்றியவர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர அறுவை மருத்துவர் ஹுமேர் ஹுல்ட்ல். கருவி வடிவமைப்பாளர் விக்டர் ஃபிஷருடன் இணைந்து அவர் 1908இல் உருவாக்கிய ஸ்டேப்ளர் ஏறத்தாழ 3.6 கிலோ எடை கொண்டது. அதைப் பூட்டித் தயார்செய்யவே நீண்ட நேரம் பிடித்தது. எனினும் திசுவை அழுத்துதல், மெல்லிய உலோகக் கம்பியைப் பயன்படுத்துதல், ‘பி’ வடிவில் மூடுதல், வரிசைகளை மாற்றி அடுக்குதல் ஆகிய நான்கு கொள்கைகளும் அதிலேயே அமைந்துவிட்டன. இன்றைய கருவிகளும் இவற்றையே பின்பற்றுகின்றன.

பின்வந்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறைக்கு விடையாக அமைந்தன. எடை மிகுதி என்ற குறைக்கு 1920களின் தொடக்கத்தில் அலாதார் பெட்ஸின் எளிய கருவி விடையானது. ஒருமுறை பயன்படுத்தியபின் மீண்டும் பின்களை நிரப்பும் தொல்லைக்கு, 1934இல் ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் அமைத்த மாற்றத்தக்க கூடு தீர்வு தந்தது. 1950களில் மாஸ்கோவில் இயங்கிய அறுவைக் கருவி ஆய்வு நிறுவனம் வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறு கருவிகளை உருவாக்கியது. 1958இல் சோவியத் நாட்டுக்குச் சென்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்க் ராவிட்ச் அவற்றுள் ஒன்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1964இல் லியோன் ஹிர்ஷ் தொடங்கிய நிறுவனம் நுண்ணுயிர் நீக்கப்பட்ட ஆயத்தக் கூடுகளுடன் கூடிய கருவிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

1970களின் இறுதியில் பரவிய வட்ட ஸ்டேப்ளர், மலக்குடலின் தாழ்ந்த பகுதியில் கை எட்டாத இடத்திலும் இணைப்பை இயலச் செய்தது. லேப்ராஸ்கோப்பி முறை வளர்ந்தபோது 12 மில்லிமீட்டர் துளை வழியே நுழையும் நீண்ட மெல்லிய கருவி தேவைப்பட்டது. இங்குப் புதிய சிக்கல் எழுந்தது. நீண்ட தாடையின் அடிப்பகுதி இறுக மூடும். நுனியோ தடித்த திசுவின் எதிர்ப்பால் சற்று விலகி நிற்கும். அங்குப் பின்கள் முழுமையாக வளையா. கத்தியோடு சேர்ந்து முன்னேறி இரு தாடைகளையும் இடந்தோறும் இழுத்துப் பிடிக்கும் ‘ஐ’ வடிவ உருக்குத் துண்டு இதற்குத் தீர்வாக அமைந்தது.

திசுவின் தடிமன்

ஸ்டேப்ளர் வடிவமைப்பின் மையச் சிக்கல் பின்னின் உயரத்திற்கும் திசுவின் தடிமனுக்கும் உள்ள பொருத்தமே. பின் மூடியபின் எஞ்சும் உயரம் திசுவின் தடிமனைவிடக் கூடுதலாயின் இரத்தமும் குடலின் உள்ளடக்கமும் கசியும். குறைவாயின் திசு நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, சில நாள்களுக்குப்பின் விளிம்பு அழுகிப் பிரியும். குடலிணைப்புக் கசிவு நோயாளியின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது.

இதனால் கூடுகள் நிறத்தால் வேறுபடுத்தப்படுகின்றன. பரவலான வழக்கில் வெள்ளைக் கூட்டின் பின் மூடியபின் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும், நீலக் கூட்டின் பின் 1.5 மில்லிமீட்டரும், பச்சைக் கூட்டின் பின் 2 மில்லிமீட்டரும் உயரம் கொள்ளும். ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர் மட்டுமே. அதைத் தேர்வு செய்பவர் அறுவை மருத்துவர். அவர் பெரும்பாலும் தம் கண்ணையும் பட்டறிவையும் நம்பியே தேர்கிறார். லேப்ராஸ்கோப்பி முறையில் விரலால் தொட்டறியும் வாய்ப்பும் அவருக்கு இல்லை.

மேலும் திசு மரத்துண்டு போன்றதன்று. அதில் நீர் உள்ளது. தாடையை மூடியபின் நீர் மெல்ல வெளியேற, தடிமன் நேரத்தோடு குறைகிறது. மூடியவுடன் பின்களைச் செலுத்தாமல் சில நொடிகள் பொறுத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை இவ்வியல்பிலிருந்து பிறந்ததே. மின்னோட்டியால் இயங்கும் புதிய கருவிகளுள் சில, எதிர்ப்பு விசையை அளந்து செலுத்தும் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. ஒரே கூட்டில் மூன்று வரிசைக்கு மூன்று உயரங்களை அமைக்கும் முறையும் வந்துள்ளது. மருத்துவரின் மதிப்பீட்டில் ஒரு பகுதியைக் கருவியே ஏற்றுக்கொள்ளுமாறு செய்வதே இத்திருத்தங்களின் பொதுப்போக்கு.

கையின் அளவு

கருவியின் மறுமுனையைப் பிடிப்பது கை. 2004இல் வெளியான ஓர் ஆய்வு 726 லேப்ராஸ்கோப்பி அறுவை மருத்துவர்களிடம் வினாக்களை முன்வைத்தது. கையுறை அளவு 6.5 அல்லது அதற்குக் குறைவாக உள்ளோர் ஸ்டேப்ளர் கைப்பிடியை இயக்குவதில் மிகுந்த இடர்ப்பாட்டைத் தெரிவித்தனர். பெண் மருத்துவர்கள் பெருமளவில் அறுவைத் துறைக்கு வரும் இக்காலத்தில் இதைச் சிறு குறையாகக் கொள்ள இயலாது. கைப்பிடியை முழுமையாக அழுத்த முடியாதபோது பின்வரிசை பாதியில் நிற்கும். மின்னோட்டி இக்குறையைக் குறைக்கிறது. விலையையும் கழிவையும் கூட்டுகிறது.

குறைப்பதிவும் வடிவமைப்பும்

2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு ஒரு மடல் வெளியிட்டது. 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர் தொடர்பாக 41,000க்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்துள்ளன என்றும், அவற்றுள் 366 இறப்பு பற்றியவை, 9,000க்கும் மேற்பட்டவை கடுங்காயம் பற்றியவை, 32,000க்கும் மேற்பட்டவை கருவிக் கோளாறு பற்றியவை என்றும் அது கூறியது. பின்வரிசை பிரிதல், பின் சரியாக வளையாமை, செலுத்த இயலாமை, பொருந்தாத அளவைத் தேர்தல் ஆகியன அடிக்கடி சுட்டப்பட்ட குறைகள். அறிக்கை ஒன்று வந்தது என்பதாலேயே இறப்புக்குக் கருவிதான் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. எனினும் எங்கே தேட வேண்டும் என்பதை இவ்வறிக்கைகள் காட்டுகின்றன.

இவற்றுள் பெரும்பகுதி அதுவரை பொதுப்பார்வைக்கு வரவில்லை என்பதே கவலைக்குரியது. உற்பத்தியாளர்கள் கோளாறுகளைத் தொகுத்துத் தனியே அளிக்க அனுமதித்த ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருந்தது. அதனால் 2016இல் பொதுத் தரவுத்தளத்தில் காணக்கிடைத்தவை 84 அறிக்கைகள். தனித் தொகுப்பில் இருந்தவையோ ஏறத்தாழ 10,000. செய்தியாளர்கள் இதை வெளிக்கொணர்ந்தபின் அவ்வேற்பாடு 2019இல் முடிவுக்கு வந்தது. 2021 அக்டோபரில் உள்ளுறுப்பு ஸ்டேப்ளர்கள் முதல் வகுப்பிலிருந்து கூடுதல் கட்டுப்பாடுள்ள இரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்டன. செயல்திறன் சோதனையும் பயன்படுத்துவோர் சார்ந்த சோதனையும் கட்டாயமாயின. 84 என்ற எண்ணை மட்டும் கண்ட பொறியாளரும் மருத்துவரும் கருவி நன்றாகவே உள்ளது என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இந்தியச் சூழல்

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2017இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதியும் தேசியத் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. கட்டமைப்பு உள்ளது, அதற்குள் செல்லும் தரவே வடிவமைப்பை வளர்க்கும்.

இத்தரவு இங்கிருந்தே திரட்டப்பட வேண்டியதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தைத் தாக்கும் காசநோய் இந்தியாவில் அடிக்கடி காணப்படுவது. அந்நோயில் குடற்சுவர் தடித்து இறுகுகிறது. இந்நோய் அரிதாக உள்ள நாடுகளின் திசு அளவுகளை மட்டும் கொண்டு வகுத்த உயரங்கள் இங்கு எவ்வளவு பொருந்தும் என்பது அளந்தறிய வேண்டிய வினா. மணற்பாறையைச் சந்தித்த அகழ்பொறியின் வினாவும் இதுவே.

தோல்வியிலிருந்து வடிவமைப்பு வளர்ந்ததற்கு இந்தியச் சான்றும் உள்ளது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வின் முந்தைய மாதிரிகள் கைவிடப்பட்டன. ஒவ்வொரு தோல்வியின் காரணமும் ஆராயப்பட்டு, நான்காம் மாதிரியே 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இவ்வழியில் ஸ்டேப்ளர் ஆய்வுக்கு மூன்று பணிகள் உடனடியாக இயல்வன. முதலாவது, எந்நிறக் கூடு எவ்வுறுப்பில் பயன்பட்டது, விளைவு என்ன என்பதை அறுவைக் குறிப்பில் ஒரே வடிவில் எழுதுதல். இரண்டாவது, கோளாறான கருவியைக் கழிவில் எறியாமல் அதன் தொகுதி எண்ணோடு பாதுகாத்து ஆய்வுக்கு அளித்தல். மூன்றாவது, பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் கசிவழுத்தச் சோதனை நடத்துதல். இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் ஆட்டுக்குடலை ஸ்டேப்ளரால் மூடி, நிறமூட்டிய நீரைச் செலுத்தி, எவ்வழுத்தத்தில் கசிகிறது என்று அளப்பது குறைந்த செலவில் இயலும். சுரங்கமும் நிறுவனத்தின் பொது மருத்துவமனையும் அருகருகே உள்ள நெய்வேலி நகரியம் போன்ற ஊர்களில், உலோகத் தேய்மானத்தை அறிந்த பொறியாளரும் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் அமர்வது அரிதன்று.

முடிவுரை

ஸ்டேப்ளரின் அடிப்படைக் கொள்கைகள் 1908இலேயே நிலைபெற்றுவிட்டன. அதன்பின் நிகழ்ந்த மேம்பாடு, குறைகளை ஒவ்வொன்றாக அறிந்து களைந்ததன் விளைவு. அரை மில்லிமீட்டர் வேறுபாடு நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கக்கூடிய ஒரு கருவியில், மறைக்கப்பட்ட குறை திருத்தப்படாத குறையாகவே நீடிக்கும். நெய்வேலியில் தேய்ந்த பல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் பல் மாற்றப்பட்டது. உடலுக்குள் வளையாமல் நின்ற பின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் தெரியச் செய்யும் பதிவுமுறையை வளர்ப்பது, புதிய கருவியை வடிவமைப்பதற்கு முன் செய்யவேண்டிய பணியாகும்.