ஒரு புள்ளியில் போன கோப்பை

பதின்மூவர் ஆட்டம் – 9

1895-ஆம் வருஷம் ஹடர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஓட்டலில் கூடி ரக்பியின் ஒரு சாகை பிரிந்துபோன கதையைச் சொல்லியாகிவிட்டது; அந்நாளில் ட்ரைக்கு மூன்று புள்ளி, கன்வர்ஷனுக்கு இரண்டு என்ற கணக்கும் நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த வாரம் 1954-இல் ஓட்சால் மைதானத்தில் திரண்ட ஜனசமுத்திரத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் வாக்களித்திருந்தேன். அதற்காகப் பழைய ஆட்டங்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில் ரிஸ்மன் என்ற குடும்பப் பெயர், சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் கண்ணில் பட்டது. ஓட்சால் அத்தோடு பின்னுக்குப் போய்விட்டது.

1968 மே 11-ஆம் தேதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில், லீட்ஸ் அணியும் வேக்ஃபீல்ட் டிரினிட்டி அணியும் சாலஞ்ச் கோப்பைக்காக மோதின. முந்தின வாரம்தான் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 17-10 என்று வென்று சாம்பியன்ஷிப்பைக் கைப்பற்றியிருந்த வேக்ஃபீல்டுக்கு, இந்தக் கோப்பையும் கிடைத்தால் ஒரே பருவத்தில் இரட்டைக் கீர்த்தி. ஆட்டத்துக்கு முன்பே கொட்டிய மழை இடைவேளையில் இன்னும் உக்கிரமாகத் திரும்பி வந்து, புல்தரையெங்கும் நீர் தேங்க, ஓடுகிறவன் நிற்க முடியாமலும் நின்றவன் திரும்ப முடியாமலும் சறுக்கிக்கொண்டே போக, பந்தைத் துரத்தியவர்கள் பரம்படித்த வயலில் பலகை ஏறியவர்களைப் போல வயிற்றால் வழுக்கிச் சென்றதை 87,100 பேர் பார்த்தார்கள். ஆட்டத்தை ஒத்திப் போட்டிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அப்படிச் செய்திருந்தால் எழுதுவதற்கு எனக்கு இந்த விஷயம் இருந்திராது.

அந்தச் சேற்றிலும் நிதானம் இழக்காமல் ஆடியவர் வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ். சுரங்கக் கிராமமான ஷார்ல்ஸ்டனில் பிறந்து, இளமையில் ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் அணிக்கு ஸ்க்ரம்-ஹாஃபாக ஆடி, வயது ஏறியபின் முன்வரிசைக்கு வந்தவர். அணிக்கு வழக்கமாகக் கோல் உதைப்பவர் அவருடைய தம்பி நீல். அவர் காயம்பட்டு வெளியில் இருந்ததால் அன்று அந்தப் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. இரண்டு கோல்களை அடித்தும் விட்டார்.

முடிவுக்குச் சில நிமிஷங்களே இருக்கையில், லீட்ஸின் பெவ் ரிஸ்மன் ஒரு பெனால்டி கோல் அடித்து 11-7 என்று ஆக்கினார். எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் நினைத்திருக்க, டான் ஃபாக்ஸ் ஆட்டத்தை மறுபடி தொடங்கிவைத்த பந்து தரையோடு ஓட, வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் அதைக் காலாலேயே தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், நேர் கம்பங்களுக்கு அடியில் விழுந்து ட்ரை எடுத்தார். 11-10. கன்வர்ஷன் உதையோ கம்பங்களுக்கு நேர் எதிரே. பள்ளிக்கூடப் பையன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் போகக்கூடிய தூரம். அது போனால் 12-11, கோப்பை வேக்ஃபீல்டுக்கு. அதற்குமேல் ஆட நேரமும் இல்லை. டான் ஃபாக்ஸ் நீரில் ஊறிக் கனத்த தோல் பந்தை நிறுத்தினார். பின்னால் நடந்தார். அக்காலத்து வழக்கப்படி கால் நுனியால் உதைத்தார். பந்து விலகி, கம்பத்துக்கு வெளியே போயிற்று. அவர் முழங்காலில் சரிந்தார்.

இறுதி ஆட்டத்தில் தலைசிறந்து ஆடியவனுக்கு லான்ஸ் டாட் கோப்பை என்று ஒன்று உண்டு. பத்திரிகை நிருபர்கள் வாக்களித்துத் தருவது. அந்த உதைக்கு முன்பே வாக்குகள் போடப்பட்டுவிட்டபடியால், பரிசு டான் ஃபாக்ஸுக்கே போயிற்று. இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இதற்குள் இருக்கிறது. லான்ஸ் டாட் என்பவர் நியூஸிலாந்துக்காரர். 1907-இல் வந்த முதல் நியூஸிலாந்து அணியோடு இங்கிலாந்து வந்து, விகனில் ஆடி, பிற்பாடு சால்ஃபோர்ட் அணியின் நிர்வாகியாகி, 1942-இல் மோட்டார் விபத்தில் மாண்டவர். சால்ஃபோர்டில் இருந்தபோது கார்டிஃபிலிருந்து பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையனை அழைத்து வந்து ஆளாக்கினார். அவன் தலைமையில்தான் 1938-இல் சால்ஃபோர்ட் சாலஞ்ச் கோப்பையை வென்றது. அந்தப் பையன் கஸ் ரிஸ்மன். 1952-இல், 41-ஆவது வயதில், வொர்க்கிங்டன் டவுனுக்குத் தலைமை வகித்து அதே கோப்பையை மறுபடியும் தூக்கியவர் அவர்தான். அவர் மகன் பெவ். அதாவது, லான்ஸ் டாட் வளர்த்தவரின் மகன், லீட்ஸின் 11 புள்ளிகளில் 8-ஐத் தன் காலால் சம்பாதித்துக் கோப்பையைக் கொண்டுபோக, லான்ஸ் டாட் பெயரால் அமைந்த பரிசு தோற்ற பக்கத்தில் முழங்காலிட்டவருக்கு வந்து சேர்ந்தது!

இன்னொன்று. இந்தப் பரிசை முதன்முதல் 1946-இல் பெற்றவரும் வேக்ஃபீல்ட்காரரே, பில்லி ஸ்டாட். விகனுக்கு எதிரே கடைசி நிமிஷத்தில் தூரத்திலிருந்து ஒரு பெனால்டி கோல் அடித்து, 13-12 என்று ஒரே புள்ளியில் கோப்பையை வென்று கொடுத்தார். தூரத்து உதை போயிற்று; இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கிட்டத்து உதை போகவில்லை.

வாக்குச்சீட்டுகளை முன்கூட்டியே வாங்கியது நிருபர்களின் அவசரம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கடைசி உதையையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும், அன்று மைதானத்தில் அவருக்குச் சமமாக ஆடியவர் வேறு ஒருவரும் இல்லை. பரிதாபம் வேறு இடத்தில் இருக்கிறது: தம்பி நீல் ஃபாக்ஸ் தம் ஆட்ட வாழ்வில் சேர்த்த 6,220 புள்ளிகள் இன்றுவரை இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் யாரும் எட்டாதவை, அண்ணன் பெயரோ சேராத இரண்டு புள்ளிகளால் நிலைத்துவிட்டது.

வேக்ஃபீல்டையும் லீட்ஸையும் ஒரே உடம்பில் சுமந்த ஒருவரை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. டேவிட் ஸ்டோரி வேக்ஃபீல்ட் சுரங்கத் தொழிலாளியின் மகன். லண்டனில் சித்திரக் கலை படித்துக்கொண்டே, வாரக் கடைசிகளில் ரயிலேறி வந்து லீட்ஸுக்கு ஆடியவர். அவர் எழுதிய ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ நாவல் 1963-இல் சினிமாவாக வந்தபோது, ஆட்டக் காட்சிகள் பலவற்றை வேக்ஃபீல்டின் பெல் வ்யூ மைதானத்தில் எடுத்தார்கள்.

2015-இல் சிட்னியில் ஜொனதன் தர்ஸ்டன் என்பவரும் கடைசிக் கன்வர்ஷனைக் கம்பத்தில் மோதவிட்டார். அவர் அணி அப்போது 16-16 என்று சமநிலையில் இருந்ததால், உபரி நேரத்தில் இன்னோர் உதை கிடைத்து, 17-16 என்று பிரிஸ்பேனை வென்றது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த டான் ஃபாக்ஸுக்கு அந்த அவகாசம் இல்லை.

ஓட்சால் அடுத்த வாரம். வெம்பிளியில் 4-4 என்று முடிந்த ஆட்டத்தின் மறு ஆட்டம் அது. வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும், ஒரு புதன்கிழமை மாலை. நுழைவுக் கணக்கு 102,569 பேர். வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் அதில் சேரவில்லை.