உஷார்! கடைசி 129 கிலோமீட்டர்

சைக்கிளிலேயே ஸ்காண்டிநேவியாவைச் சுற்றக் கிளம்புகிறீர்களா? டென்மார்க்கில் தொடங்கி, ஸ்வீடன் காடுகளைக் கடந்து, நார்வேயின் வடகோடியை ஒட்டிய நோர்ட்காப் வரை மிதிப்பதாகத் திட்டமா? சந்தோஷம், போய் வாருங்கள். ஆனால் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் வாரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அப்போது உங்களுக்கே உள்ளூர பயம் இருக்கும், பார்த்துப் போவீர்கள். அந்தப் பயம் தெளிந்துபோகிற கடைசி நாள்தான் வயிற்றைக் கலக்குகிறது.

‘வந்தாச்சு’ என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து!

ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர், உடம்பை நன்றாகப் பேணுகிறவர். வாரக்கணக்கில் மிதித்து ஓல்டர்ஃபியோர்ட் வந்துவிட்டார். அங்கிருந்து நோர்ட்காப் வரை இ69 சாலை. 129 கிலோமீட்டர். மறுநாள் விடியற்காலை ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்தில் கப்பல் பிடிக்க வேண்டும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருட்டப் போவதில்லையே, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

ஒன்றை மறந்தார். நோர்ட்காப் ஒரு முட்டுச்சந்து. அதற்கு அப்பால் கடல்தான். துறைமுகத்துக்கு வந்த வழியே முப்பது கிலோமீட்டருக்கு மேல் திரும்பி மிதிக்க வேண்டும். அந்தத் தூரம் அவர் கணக்கிலேயே இல்லை!

வழியில் நோர்ட்காப் சுரங்கப்பாதை. 1999-இல் திறந்தது, கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் நீளம். கடல் மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர் வரை இறங்குகிறது. சுமார் 9 சதவீதச் சரிவில் மூன்று கிலோமீட்டர் இறக்கம், பிறகு அதே அளவு ஏற்றம். உள்ளே ஈரக் குளிர். லாரி ஒன்று நுழைந்தால் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத அளவுக்கு இரைச்சல். வெளியே வெயில் அடித்தால் துருவ மான்கள் நிழலுக்காகச் சுரங்கத்துக்குள் வந்து நிற்பதும் உண்டு. மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிற வண்டிக்கு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தேய்ந்த பிரேக் கட்டை போதுமா? நீங்களே யோசியுங்கள். அப்பாடா என்று வெளியே வந்தால், ஹோனிங்ஸ்வோகுக்கு முன்னால் 4 கிலோமீட்டர் நீளத்தில் இன்னொரு சுரங்கம் காத்திருக்கிறது.

வியர்வையில் ஊறிய பனியனோடு அவர் வெளியே வந்தார். ஊரில் நிற்கவில்லை, உடை மாற்றவில்லை. மழைச்சட்டை பையின் அடியில் கிடந்தது. மலை ஏறி இறங்கி, நோர்ட்காப் இரும்பு உருண்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டார். ஜூலையிலும் அங்கே 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அன்று காற்று வேறு. ஈர பனியனோடு அரைமணி நேரம் அந்தக் காற்றில் நின்றிருக்கிறார் மனுஷன்.

திரும்பும் இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கியது. காறை எலும்பு முறிந்தது. அதைவிடப் பயங்கரம் என்ன தெரியுமா? பின்னால் வேனில் வந்தவர்கள் ஓடிவந்து எழுப்பியபோது, “எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் தூங்கவிடுங்கள்” என்றாராம்.

குளிர் உடம்புக்குள் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

முதலில் உடம்பு வெடவெடக்கும். பையின் ஜிப்பைத் திறக்க விரல் தடுமாறும். பேச்சு குழறும், கால் பின்னும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பிறகு நடுக்கம் நின்றுவிடும். நின்றது நல்லதற்கு என்று நினைத்துவிடாதீர்கள்! உடம்பு சூடு உண்டாக்கும் சக்தியை இழக்கிறது என்று அர்த்தம். ஈர உடையை உடனே கழற்றுங்கள், உலர்ந்ததைப் போர்த்துங்கள், நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். கை கால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. ‘சூட்டுக்கு ஒரு வாய்’ என்று மது கொடுக்கவே கூடாது. நார்வேயில் ஆம்புலன்ஸுக்கு 113. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்தில் 112. பெரிய ஆஸ்பத்திரி ஹாமர்ஃபெஸ்டில், சாலை வழியே 150 கிலோமீட்டருக்கு அப்பால். வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கிற தூரமா அது?

கடைசி நாளை இரண்டாகப் பிரியுங்கள். ஹோனிங்ஸ்வோகில் ஒரு ராத்திரி தங்குங்கள். கப்பலோ விமானமோ, ஒரு நாள் தள்ளியே டிக்கெட் போடுங்கள். சுரங்கத்துக்கு முன்பே பிரேக் கட்டையை மாற்றி, மினுங்கும் மேல்சட்டையும் பின்விளக்கும் போட்டுக்கொள்ளுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறதா? கைப்பிடியில் நரம்பு நசுங்குகிறது. ‘இன்னும் ஒரு நாள்தானே’ என்று பல்லைக் கடிக்காதீர்கள்.

திரும்பும்போது விமானத்தில் சமையல் கேஸ் குப்பியைக் கொண்டுபோகக் கூடாது, காலியாகத் தெரிந்தாலும்கூட. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பேட்டரி சைக்கிள்காரர்களே, அந்தப் பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்!

வீடு வந்த பிறகும் ஆபத்து விடவில்லை.

தெற்கு ஸ்வீடன், ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவுகள், ஓலண்ட் தீவுப் புல்வெளிகளில் கூடாரம் போட்டிருந்தால் உண்ணி கடித்திருக்கலாம். கடித்ததே தெரியாது. 3 முதல் 30 நாளுக்குள் தோலில் சிவப்பு வட்டம் தோன்றி, நாளுக்கு நாள் பெரிதாகிறதா? லைம் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் சரியாகும். இன்னொன்று, உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல். காய்ச்சல் வந்து விட்டுப்போகும், சில நாள் கழித்துக் கடுமையான தலைவலியோடும் கழுத்து விறைப்போடும் திரும்பி வரும். அந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. முன்கூட்டியே போட்டுக்கொள்ளத் தடுப்பூசி உண்டு, பல தவணை, ஆகவே கிளம்புவதற்கு மாதங்கள் முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

இங்கே காய்ச்சல் என்றால் டெங்கு, டைஃபாய்டு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உண்ணி என்றால் ஸ்க்ரப் டைஃபஸ் நினைவுக்கு வரும், அது வேறு. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், எந்தெந்த ஊரில் எத்தனை ராத்திரி புல்லில் படுத்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.