கமரன் அம்மாவின் கோழிக்கூட்டு ஸ்டூடியோ

இலங்கைப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவர்களைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் 'கோல்புறூக்–கமரன்' என்று சொல்லிவிடுவார்கள். 1833 சீர்திருத்தம், இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் ஒழிப்பு, ஐந்து மாகாணங்கள், சட்டநிரூபண சபை என்று வரிசையாக ஒப்புவித்திருக்கிறோம். அவற்றைச் சிபாரிசு செய்த ஆணையாளர்கள் இருவரில் இரண்டாவது பெயர்க்காரர் சார்ள்ஸ் ஹே கமரன், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறையில் படுத்திருக்கிறார். பக்கத்திலேயே அவருடைய மனைவி. அந்த அம்மா யாரென்று தெரிந்த நாளிலிருந்து அட்டன்–டிக்கோயா–நோர்வூட் பாதையில் பஸ் வளையும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்!

ஜூலியா மார்கரெட் கமரன். உலகப் புகைப்படக் கலையின் மூலவர்களில் ஒருவர். டார்வினை, கவிஞர் டெனிசனை, வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷலை இன்றைக்கு நாம் எந்த முகத்தோடு நினைத்துக்கொள்கிறோமோ, அந்த முகங்களை அச்செடுத்துக் கொடுத்த கை அவருடையது. அந்தக் கை எப்போதும் கறுத்திருக்கும். வெள்ளி நைத்திரேற்றுப் பட்டால் தோல் கறுத்துவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

வாருங்கள், அவருடைய பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். இங்கிலாந்தின் வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் அவர் வீடு. வீட்டின் பெயர் டிம்போலா. நம் திம்புளதான்! கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன, அந்த நினைவில் வைத்த பெயர். 1863 டிசெம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். தனிமையில் பொழுதுபோகட்டுமே என்ற எண்ணம். ஜூலியாவுக்கு அப்போது வயது 48, ஆறு பிள்ளைகளின் தாய். அடுத்த மாதமே, 1864 ஜனவரி 29ஆம் திகதி, ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்துவிட்டது. 'என் முதல் வெற்றி' என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் குழந்தையே அந்தப் படத்தை முழுக்க முழுக்கச் செய்துகொடுத்தது போலத் தோன்றி, பரிசு தேடி வீடு முழுக்க ஓடினாராம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

கரி போட்டுவைக்கும் அறை, இருட்டறை ஆயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு, ஸ்டூடியோ. கோழிகளுக்கு விடுதலை! அவற்றை யாரும் கறிவைத்துத் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஃபிலிம் சுருள் வராத காலம் அது. முதலில் ஒரு கண்ணாடித் தட்டு. அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, தோசைச் சட்டியை நாலாபக்கமும் சரித்து எண்ணெயைப் பரவவிடுவதுபோல மூலைக்கு மூலை ஓடவிட வேண்டும். உடனே வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் முக்கியெடுத்து, ஈரம் காய்வதற்குள் கமராவுக்குள் வைத்து, படம் பிடித்து, ஓடிவந்து கழுவ வேண்டும். காய்ந்தால் போயிற்று. 1866இல் அவர் வாங்கிய பெரிய கமராவின் தட்டு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அவ்வளவு கனமான கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற, ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள்! அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். ஆர்தர் அரசன் கதைக்காகக் கணவருக்கு மந்திரவாதி மெர்லின் வேடம் போட்டபோது, மனிதரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டுத் தட்டாக மெர்லின் குலுங்கிப்போனார் என்று கூட நின்ற பெண் பின்னாளில் எழுதினாள். மெர்லின் யார்? நம் நீதித்துறையைச் சீரமைக்கச் சிபாரிசு செய்த அதே ஆணையாளர்தான்!

அடுத்தது அச்சு. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளை வெள்ளி நைத்திரேற்றில் மிதக்கவிட்டு, இருட்டில் உலர்த்தி, கண்ணாடித் தட்டோடு ஒட்டிச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைப்பார். விளக்கு கிடையாது, உருப்பெருக்கி கிடையாது. சூரியன்தான் அச்சு இயந்திரம். தட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் படம். 'உருவை நேரில் கண்டு எடுத்தது, பெரிதாக்கப்படவில்லை' என்ற பொருளில் அட்டையில் தன் கையாலேயே எழுதுவார். தாள் நிறம் மாறியதும் தங்க உப்புக் கரைசலில் போட்டால் அந்த ஆழ்ந்த பழுப்பும் ஊதாவும் சேர்ந்த நிறம் கிடைக்கும். பிறகு, படத்தை நிலைநிறுத்த ஹைப்போ. வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று 1819இலேயே கண்டுபிடித்தவர் அவருடைய நெடுநாள் நண்பர் ஹேர்ஷல். அதற்கும் பிறகு கிணற்றுத் தண்ணீர், திரும்பத் திரும்பத் தண்ணீர். அச்செடுப்பவர் வாழ்க்கையில் பாதி தண்ணீர் சுமப்பதுதான்.

இவ்வளவு பாடுபட்டவரின் தட்டுகளில் கீறல் இருக்கும், தூசி இருக்கும், அவருடைய விரல்ரேகையும் இருக்கும். படத்தில் கூர்மை இல்லை என்று லண்டன் புகைப்படச் சங்கத்தார் முகம் சுளித்தார்கள். அவர் மசியவில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் வில்லையை நிறுத்திவிடுவேன், அதற்குமேல் திருக மாட்டேன் என்பது அவர் கட்சி. நான் அவர் கட்சி. ஹேர்ஷலின் வெள்ளை முடியைக் கழுவிச் சிலுப்பிவிட்டு, இருட்டுக்குள்ளிருந்து அந்தத் தலை ஒளிர்ந்து வருகிறமாதிரி 1867இல் எடுத்த படத்தைப் பாருங்கள். கூர்மை எதற்கு?

அந்தத் துணிச்சல் பழைய ஓவியங்களிலிருந்து வந்தது. இத்தாலியச் சுவரோவியங்களை வண்ணக் கல்லச்சில் பதித்து அரண்டெல் சங்கம் வெளியிட்டு வந்தது. அவற்றில் மயங்கிக் கிடந்தவர் இவர். ரஃபேல், பெருஜினோ என்றால் உயிர். ஆனால் மாதிரிகளுக்கு எங்கே போவது? சமையலறைக்குத்தான்! பணிப்பெண் மேரி ஹில்லியர் முக்காடு போட்டால் தேவமாதா. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சிறகு கட்டினால் ரஃபேலின் தேவதூதன். இன்னொரு பணிப்பெண் மேரி ரயன், பிச்சையெடுத்த அயர்லாந்துத் தாயின் மகள். 1865 கண்காட்சியில் அவள் படத்தைப் பார்த்து ஓர் இளைஞர் காதல்கொண்டு, இரண்டு வருடத்தில் அவளையே மணந்தார். அவர்தான் ஹென்றி கொட்டன், 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்தவர்! ஓர் அச்சுத்தாள் செய்த வேலையைப் பார்த்தீர்களா?

1875 ஒக்டோபரில் குடும்பம் இலங்கைக்குப் புறப்பட்டது. கோப்பியில் இலைநோய் கண்டது 1869இல். தோட்ட வருமானம் தேய்ந்துகொண்டு வந்தது, மகன்மாரும் இங்கேதான் இருந்தார்கள். சாமான்களோடு இரண்டு சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் கப்பலில் ஏற்றினார்கள் என்றும், கூலிக்காரர்களுக்குக் காசுக்குப் பதிலாக ஜூலியா தன் படங்களைக் கொடுத்தார் என்றும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அதை எழுதிப் பரப்பியவர் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப். ஜூலியாவின் தங்கை மகளின் மகள்.

களுத்துறையில் மகன் வீடு, மலையில் தோட்ட பங்களா என்று வாழ்க்கை. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த் பார்த்ததை எழுதியிருக்கிறார். சுவரெல்லாம் படங்கள், மேசை நாற்காலி தரையெல்லாம் படங்கள், ஈரத்தில் ஊறிய புத்தகங்கள். வந்த விருந்தாளியைச் சும்மா விடுவாரா ஜூலியா? கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்து, தென்னோலை தலையில் குத்தக் குத்த உச்சிவெயிலில் நிறுத்திவிட்டார். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஊர்க்காரர் ஒருவரின் முதுகு அத்தனை அழகாக இருந்ததாம். அவரைப் படமெடுக்கத் தோதாக, தோட்டக்காரராக வேலைக்கு வைக்கச் சொல்லி மகனிடம் அடம்பிடித்தார். வீட்டில் தோட்டமே இல்லை!

இந்த மண்ணில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. இரசாயனம் கிடைப்பது கடினம், ஈரமும் வெக்கையும் வேறு. மிஞ்சியவற்றில் களுத்துறைக் கிராமத்தவர் இருக்கிறார்கள், தோட்டத் தொழிலாளர் இருக்கிறார்கள். கோப்பிக்காலத்து லயத்து மனிதர்களை அந்நாளில் பலர் கும்பலாக நிறுத்தி, தோட்டத்தின் கணக்குக் காட்டுகிறமாதிரி எடுத்தார்கள். இவர் கிட்டே போய், முகத்தின் மேல் வெளிச்சம் விழும் பக்கம் பார்த்து எடுத்தார். ஆனால் டார்வினுக்கும் டெனிசனுக்கும் அட்டையில் பெயர் உண்டு, எங்கள் ஆட்களுக்கு இல்லை. எனக்கு அது வலிக்கிறது. படத்தை ரசிக்கும்போதும் வலிக்கிறது.

1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். மாட்டு வண்டியில் மலை கடந்து பொகவந்தலாவைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் கணவரும் அங்கேயே.

எனக்கு ஒரே ஆசை. இங்கே எடுத்த அந்தச் சில படங்களையும் 15க்கு 12 அங்குலத்திலேயே புதிதாக அச்செடுத்து, அட்டன் நகர மண்டபத்தில் மாட்ட வேண்டும். ஹேர்ஷலை ஒரு பக்கம், டார்வினை ஒரு பக்கம், நடுவில் தோட்டத்து ஆட்கள். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கண்ணாடித் தட்டும் முட்டை வெள்ளைக்கருத் தாளும் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அச்செடுக்கச் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பும்போது கை கறுத்திருக்கும், அம்மாக்கள் திட்டுவார்கள். பரவாயில்லை, நான் வந்து சமாதானம் சொல்கிறேன்!