பொட்டலம் மடித்த கையால் ஒரு பட்டமளிப்பு வாழ்த்து

பருப்பு விலை, உரிமம் புதுப்பித்தல், எடைக்கல் முத்திரை என்று இவ்விதழில் எழுதி வந்த நாம், இம்முறை காகிதத்தில் வாழ்த்து அட்டை செய்வதைப் பற்றி எழுதுகிறோமே என்று சிலர் சிரிக்கலாம். பிளாஸ்டிக் பை வருவதற்கு முன்பே கடை வைத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். தாளை மடிப்பதில் மளிகைக்காரனை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். அரை கிலோ துவரம்பருப்பைத் தாளில் கொட்டி, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்தால், பஸ் ஏறி வீடு போய்ச் சேரும் வரை ஒரு பருப்பு சிந்தாது. 2019 ஜனவரி முதல் தேதி தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, நம் கடைப் பையன்களுக்கு இதை மறுபடியும் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. (செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிக்கக் கூடாது, மை ஒட்டும். அது வேறு விஷயம்.)

ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் ஆரம்பாக்கத்தில் நமக்கு மொத்த வியாபாரம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் உள்ள சிறு கடைகள் வாரம் ஒரு முறை நம்மிடம் சரக்கு எடுக்கும். ஏரியில் இறாலும் நண்டும் பட்டால் குப்பத்துக் கடையில் ரொக்கம்; படாவிட்டால் கடன் நோட்டு. அவர்களுக்கு நோட்டு என்றால் நமக்கும் நோட்டுதான்.

அப்படிச் சரக்கு எடுக்க வந்த கடைக்காரர் ஒருவர், சீட்டை நீட்டிவிட்டு நகராமல் நின்றார். "அண்ணாச்சி, நம்ம குப்பத்துப் பொண்ணு ஒண்ணு பி.காம். முடிச்சிடுச்சு. அடுத்த வாரம் பட்டம் வாங்குது. அந்த வீட்ல இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசல் மிதிச்சதில்ல. ஏதாச்சும் செய்யணும்" என்றார். மூன்று வருடம் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி, பொன்னேரி அரசுக் கல்லூரிக்குப் போய் வந்த பெண். சிறுமியாக இருந்தபோது அம்மா கொடுத்த நோட்டோடு கடைக்கு வந்து, "அண்ணே, கூட்டல்ல நூறு ரூபா அதிகம் போட்டிருக்கீங்க" என்று சொன்னவள். பார்த்தால் அப்படித்தான் இருந்ததாம்.

செய்வதில் என்ன சிரமம் என்று கேட்டோம். அந்த வீட்டில் பாக்கி நிற்கிறது. "நான் படி ஏறினாலே பாக்கி கேக்க வந்தேன்னு நெனப்பாங்க அண்ணாச்சி. கவர்ல பணம் வெச்சா, அதைப் பாக்கியில கழிச்சுக்கோன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க" என்றார். வாஸ்தவம்தான். கடைக்காரன் கொடுக்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று வாடிக்கையாளர் நினைப்பது நம் தொழிலின் சாபம். விலையே போட முடியாத ஒன்றுதான் வேண்டும். ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகளை நூலில் கோத்துக் கடை வாசலில் தோரணம் கட்டுவோம். கைப்பேசி வந்த பிறகு அந்த வியாபாரமே போயிற்று. ஃபேன்சி ஸ்டோரில் தேடிப் பிடித்த பட்டமளிப்பு அட்டையில் ஆங்கில வாசகமும் ஒரு வெள்ளைக்காரப் பெண் படமும் இருந்தன. சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தோம்.

வெளியிலிருந்து வாங்கியது ஐவரி போர்டும் கறுப்பு சார்ட்டும் மட்டுமே. சென்னை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாகக் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையிலும் ஒன்றிரண்டு தருவார்கள். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். ஜெராக்ஸ் தாள் 70, 75 இருக்கும். அட்டைக்கு 200 முதல் 250 வரை வேண்டும். துணிக்கு இழை இருப்பது போலத் தாளுக்கும் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் இலேசாக வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாக்கில்தான் மடிப்பு விழ வேண்டும். மாற்றி மடித்தால் மடிப்பு வெடித்து நார் தெரியும். மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை இரும்பு ஸ்கேலை ஒட்டி ஒரு முறை அழுத்தி ஓட்டிவிட்டால் கோடு கத்தி போல நிற்கும்.

வெளி அட்டை 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ.; சரிபாதியாக மடிப்பு. உள் அட்டை நான்கு பக்கமும் 2 மி.மீ. குறைவு. வித்தை உள் அட்டையில்தான் இருக்கிறது. மடித்த நிலையில், மடிப்பின் நடுவில் 3 செ.மீ. இடைவெளி விட்டு, 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. வெட்டுகளின் முனைகளைச் சேர்த்து ஒரு கோடு அழுத்தி, அந்த நாக்கை உட்புறம் தள்ளினால், அட்டையைத் திறக்கும்போது படிக்கட்டு மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். அதன் முகப்பில் எதை ஒட்டினாலும் அதுவும் சேர்ந்து எழும்பும். ஒட்டும் படத்தின் உயரம் 10 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூடிய அட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

நாம் ஒட்டியது படகு. சரக்குக் கட்டி வந்த பழுப்புத் தாளில் படகு. பாய்மரத்தின் உச்சியில், பாய்க்குப் பதிலாக, கறுப்பு சார்ட்டில் வெட்டிய சதுரத் தொப்பி. தொப்பிக்குக் குஞ்சம் வேண்டுமே? சர்க்கரை மூட்டை வாயைத் தைத்த நூல் இருக்கிறது. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வரும், அது நமக்குக் கைப்பழக்கம். அதை 3 செ.மீ. அகல அட்டையில் 12 சுற்றுச் சுற்றி, மேலே முடிந்து, கீழே அறுத்தால் குஞ்சம். மஞ்சள் தூள் கரைத்த வெந்நீரில் முக்கி நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் நிறம் வெளிறிவிடும். படகின் பக்கவாட்டில் தொங்கும் வலைக்கு வெங்காய மூட்டை வலையில் ஒரு துண்டு.

முதல் அட்டை பாழ். மைதாப் பசையில் ஒட்டினோம். ஈரம் ஏறி நனைந்த அப்பளம் போல நெளிந்துவிட்டது. இரண்டாவதற்குப் பெவிகாலை விரலால் மெல்லிசாகத் தேய்த்தோம். நாக்குக்குப் பின்னால் மட்டும் பசை படக் கூடாது, பட்டால் படகு எழும்பாது. ஏரிக்காற்றில் எந்தத் தாளும் வளையும் என்பதால், ஒரு ராத்திரி முழுக்க 5 கிலோ படிக்கல்லின் கீழ் வைத்தோம்.

எழுதும் நேரத்தில் கடைக்காரர் பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். கூடாது என்றோம், முத்திரை விழுந்தால் அது ரசீது. "அப்போ பாக்கியைக் கழிச்சிட்டேன்னு உள்ள ஒரு வரி எழுதட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனசு. ஆனால் அட்டை அந்த வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துப் படிப்பார்கள், கடன் இருந்ததையும் சேர்த்துத்தான். கழிப்பதென்றால் நோட்டில் கழித்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம் என்றோம். அவர் வெகுநேரம் யோசித்து, பெண்ணின் பெயரும் பட்டமும் போட்டு, "என் கூட்டலைத் திருத்திய பிள்ளைக்கு" என்று மட்டும் எழுதினார். நோட்டில் என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை.

மறுவாரம் வந்து நடந்ததைச் சொன்னார். அவர் வாசலுக்குப் போனதுமே, "ரெண்டு வாரமா ஏரியில ஒண்ணும் படலண்ணே" என்று ஆரம்பித்தாராம் தாயார். பதில் பேசாமல் அட்டையை நீட்டியிருக்கிறார். பெண் திறந்ததும் படகு எழுந்தது. மூடி மூடித் திறந்து பார்த்தவள், "அண்ணே, எங்க காலேஜ்ல கவுன் மட்டும்தான், தொப்பி கிடையாது" என்று சொல்லிச் சிரித்தாளாம். அப்பாவோ வெங்காய வலையை இரண்டு விரலில் பிடித்துக் கண் அளவு பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுல குஞ்சு கூடத் தப்பாதே" என்றாராம். பாக்கிப் பேச்சு அன்றைக்கு எழவில்லை.

தொப்பி விஷயம் நம் தப்புதான். கறுப்புக் கவுனும் சதுரத் தொப்பியும் வெள்ளைக்காரர் வழி வந்தவை. எல்லா இடத்திலும் இரண்டும் இருப்பதில்லை. கைத்தறி ஆடை அணியலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியும் இருக்கிறது. செய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரித்துவிட்டுக் கத்தரியை எடுங்கள். கல்லூரிப் பக்கம் கடை வைத்திருப்போர், போர்டு, சார்ட், நூல், பசை நான்கையும் ஒரே உறையில் போட்டு விற்றுப் பார்க்கலாம். பெரிய லாபம் இல்லை. துண்டு விழும் தாளும் விலை போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நம் மகள் 2004-இல் பட்டம் வாங்கிய அன்று, தீபாவளிச் சரக்கு லாரி வந்துவிட்டதென்று நாம் போகவில்லை. புகைப்படத்தில் அவளோடு நிற்பவர்கள் அம்மாவும் தாய்மாமனும். படகு அட்டையை முடித்த ராத்திரி, மிஞ்சிய போர்டில் இன்னொன்று வெட்டினோம். அதில் படகு இல்லை. லாரி, அதன் மேல் தொப்பி. சோப்பு அட்டைப்பெட்டியில் வெட்டிய இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, கோயம்புத்தூருக்கு விரைவுத் தபாலில் அனுப்பினோம். கிடைத்ததும் போன் செய்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சு வரவில்லை. பிறகு, "அன்னைக்கு லாரியில என்னப்பா சரக்கு?" என்று கேட்டாள். சர்க்கரை, 200 மூட்டை என்றோம்.