ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

சித்தன்னவாசலுக்கு மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் சென்ற ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும். சித்திரை மாத நண்பகலில் அந்தக் குன்றின்மேல் வெறுங்காலுடன் நிற்க முடியாது. பிள்ளைகள் நிழல் தேடித் தாவித் தாவி ஓடுவார்கள். வெயில் சாய்ந்த பிறகும் பாறை சுடும். அதே அன்னவாசல் வட்டாரத்தில் மார்கழி விடியலில் வீட்டுக்கு வீடு தண்ணீர் காய்கிறது. சில வீடுகளில் கொல்லையில் கல் கூட்டி அண்டா ஏற்றியிருப்பார்கள். சில வீடுகளில் வாளிக்குள் ராடு, சில வீடுகளில் குளியலறைச் சுவரில் கீசர். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் வெயிலில் வேகும் ஊரில், தண்ணீரைச் சுட வைக்க நாம் விறகும் எரிவாயுவும் மின்சாரமும் செலவழிக்கிறோம்.

தன்வெப்ப ஏற்புத்திறன் பாடம் நடத்தும்போது வகுப்பில் எழும் கேள்வி ஒன்று உண்டு. “சார், எங்க வீட்ல கரண்ட் பில்லே வராது. அப்புறம் எதுக்கு இந்தக் கணக்கு?” நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல ஒரு வாளித் தண்ணீர் போதும்.

வாளியிலிருந்து தொடங்குவோம்

நம் வீட்டு வாளியில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும் என்று கொள்வோம். மார்கழிக் காலையில் தொட்டி நீர் 25 டிகிரி செல்சியஸ். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஆக, 15 கிலோ நீரை 15 டிகிரி உயர்த்த வேண்டும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோ ஜூல் தேவை. 15 × 15 × 4.2 என்று பெருக்கினால் 945 கிலோ ஜூல் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோ ஜூல். எனவே ஒரு வாளி வெந்நீருக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.05 யூனிட். மின் கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதங்களுக்கு, அதாவது 60 நாள்களுக்கு, 63 யூனிட்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் வழங்கப்படுகிறது. 2016 முதல் இது நடைமுறையில் உள்ளது. அந்த நூறில் 63 குளியலறைக்கே போய்விட்டால் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 37தான். கட்டணமே வராத வீட்டில் குளிர்காலத்தில் மட்டும் கட்டணம் வருவதன் காரணம் பல நேரங்களில் இதுவே. அதிகம் பயன்படுத்தும் வீடுகளுக்கு வேறொரு கவலை. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதப் பட்டியலே மாறிவிடும். அந்த எல்லைக்கு அருகில் நிற்கும் ஆசிரியர் வீடுகள் நம்மிடையே நிறையவே உள்ளன.

விறகு இலவசமா?

சீமைக்கருவேலமும் தைலமரச் சுள்ளியும் தென்னை மட்டையும் எளிதில் கிடைக்கும் ஊரில் விறகுக்குக் காசு இல்லை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் திறந்த மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி காற்றோடு போகும். உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 15,000 கிலோ ஜூல் தரும். நான்கு வாளிக்கான 3,780 கிலோ ஜூலைப் பெற, நாளொன்றுக்கு 1.7 முதல் 2.5 கிலோ விறகு எரிக்க வேண்டும். இரண்டு மாதங்களுக்கு 100 முதல் 150 கிலோ. அதைப் பொறுக்கிச் சுமந்து வருபவர் யார்? புகைக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுபவர் யார்? பெரும்பாலும் அம்மா, அல்லது நம் வகுப்பில் படிக்கும் பெண் குழந்தை. முதல் பாடவேளையில் கண் சிவந்து, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பின்னால் ஓர் அடுப்பு இருக்கலாம். விறகின் விலை அங்கேதான் கட்டப்படுகிறது.

விறகை உடனே விட முடியாத வீடுகளும் உண்டு. அவர்களிடம் “கீசர் வாங்குங்கள்” என்று சொல்வது பயனற்றது. நன்றாக உலர்ந்த விறகு, காற்றை மறைக்கும் அடுப்புச் சுவர், அண்டாவுக்கு ஒரு மூடி ஆகிய மூன்றுமே பெரிய மாற்றம் தரும். மூடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 100 மில்லி லிட்டர் நீர் ஆவியாகிப் போனால் அதனுடன் சுமார் 226 கிலோ ஜூல் வெப்பமும் போகிறது. அது ஒரு வாளிக் குளியலுக்கான வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தளதளவென்று கொதிக்க வைத்துப் பிறகு பச்சைத் தண்ணீர் விளாவுவதற்குப் பதிலாக, கொதி வருமுன்பே இறக்கிவிடலாம்.

சமையல் எரிவாயு அடுப்பு விறகைவிடத் திறன் மிக்கது. இருந்தாலும் நால்வர் குளிக்க இரண்டு மாதங்களுக்கு ஏழரைக் கிலோ எரிவாயு ஆகும். 14.2 கிலோ உருளையில் பாதிக்கு மேல் குளியலுக்கே தீர்ந்துவிடும்.

ராடு, கீசர்: எது சிக்கனம்?

“ராடு கரண்டைக் குடிக்கும்” என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது முழு உண்மை அல்ல. நீருக்குள் மூழ்கியிருக்கும் கம்பியின் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் நீருக்கே சேர்கிறது. 1500 வாட் ராடு ஒரு வாளியைப் பத்து, பதினொரு நிமிடங்களில் சூடாக்கிவிடும். போட்டுவிட்டு மறந்துபோவதுதான் வீண். அதைவிடப் பெரிய சிக்கல் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும் ராடு உள்ள வாளியில் “சுட்டுருச்சா” என்று விரலை விட்டுப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ராடு, சரியான எர்த் இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் ராடு வேண்டாம். குழந்தைகள் கையில் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது.

தொட்டி உள்ள கீசரில் வேறொரு இழப்பு இருக்கிறது. நாம் குளிக்காத நேரத்திலும் தொட்டி ஆறிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் மீண்டும் மீண்டும் சூடாக்கும். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரை இந்த இழப்பை அடிப்படையாகக் கொண்டே வழங்கப்படுகிறது. நட்சத்திரம் கூடினால் இழப்பு குறைவு. முத்திரையில் 24 மணி நேர இழப்பு 0.5 யூனிட் என்று இருந்தால், நாள் முழுவதும் போட்டு வைக்கும் வீட்டில் இரண்டு மாதங்களில் சுமார் 30 யூனிட் யாருக்கும் பயன்படாமல் சுவரைச் சூடாக்கியிருக்கும். குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு, அனைவரும் அடுத்தடுத்துக் குளித்து, உடனே அணைப்பதே எளிய தீர்வு. இதற்குச் செலவே இல்லை.

எரிவாயு கீசர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து இறக்க நேரிடும். கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் பொருத்த வேண்டும்.

வெப்பப் பம்பு என்றொரு வழியும் உள்ளது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதைக் கவனித்திருப்போம். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளியே தள்ளுகிறது. அதேபோல் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து நீருக்குள் தள்ளுவதே வெப்பப் பம்பு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். நம் 63 யூனிட் 21 ஆகக் குறையும். தொடக்க விலை அதிகம் என்பதால் சிறு குடும்பத்தைவிட, நூறு பேர் குளிக்கும் மாணவர் விடுதிக்கே இது பொருத்தமானது.

கூரையில் இருக்கும் அடுப்பு

சூரிய வெப்பத்தைப் பெட்டிக்குள் பிடிக்கலாம் என்று 1767 இல் சுவிட்சர்லாந்தின் சொசூர் கண்ணாடிப் பெட்டிகளை வைத்துக் காட்டினார். 1891 இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் சூரிய வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இஸ்ரேல் 1980 இல் புதிய வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நம் அருகில் பெங்களூரு மாடிகளில் சாய்ந்து நிற்கும் கண்ணாடிக் குழாய்களைப் பலரும் பார்த்திருப்போம்.

தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் ஏற்பான் அதில் பாதியைப் பிடித்தாலே 5 யூனிட் வெப்பம். நம் வீட்டுத் தேவையோ 1.05 யூனிட். அதனால்தான் நான்கு பேருக்கு 100 லிட்டர் சாதனம் போதும் என்கிறார்கள். 60 டிகிரி நீர் ஆறரை லிட்டருடன் தொட்டி நீரைக் கலந்தால் ஒரு வாளி நிரம்பிவிடும். மோட்டாரும் தேவையில்லை. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பாடப்புத்தகத்தில் உள்ள வெப்பச்சலனம்தான் கூரையில் வேலை செய்கிறது.

இங்கு ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். 2024 இல் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டத்தின் மானியம் மின்சாரம் தயாரிக்கும் சூரியத் தகடுகளுக்கானது. வெந்நீர்ச் சாதனம் வேறு. இரண்டையும் ஒன்றென நினைத்து யாரும் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சுட வைத்தால் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், கார்பனேட்டாகப் படியும். கீசர்க் கம்பியில் வெள்ளையாக ஒட்டுவது அதுவே. தட்டை ஏற்பானின் மெல்லிய தாமிரக் குழாய்கள் இதனால் அடைபடும். இத்தகைய நீருக்கு வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை ஏற்றது. கழற்றிச் சுத்தம் செய்யலாம். மின் கீசரில் வெப்பநிலையை 50 டிகிரி அளவில் வைத்தால் படிவு குறையும்.

2. கூரை. 100 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. ஓட்டு வீடும் தகரக் கூரையும் தாங்காது. கான்கிரீட் தளம் வேண்டும்.

3. திசை. அன்னவாசல் ஏறத்தாழ 10.5 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தென்திசையில் சுமார் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். வெந்நீர் தேவைப்படுவதும் அப்போதுதான். எனவே ஏற்பான் தெற்கு நோக்கி, 20 டிகிரி அளவில் சாய்ந்திருக்கலாம். தென்னை நிழல் விழக்கூடாது.

4. தொட்டியின் உயரம். குளிர்நீர்த் தொட்டி, சாதனத்தின் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் குறுகியதாகவும் வெப்பக்காப்பு சுற்றியதாகவும் இருக்கட்டும்.

5. வாடகை வீடு. இன்றோ நாளையோ மாறுதல் வரும் நிலையில் உள்ள ஆசிரியருக்குச் சூரிய சாதனம் பொருந்தாது. நட்சத்திர முத்திரையுள்ள சிறு கீசரும் அணைக்கும் பழக்கமும் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மேகம் மூடும் நாள்களும் வரும். அந்த நாள்களுக்கு மாற்று ஏற்பாடு வேண்டியிருக்கும். மற்ற நாள்களில் எந்தக் கருவியும் வாங்காமலே ஒரு வழி உண்டு. மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி மாலை நான்கு மணிக்கே வெதுவெதுப்பாக இருக்கும். குழந்தைகளை மாலையில் குளிக்க வைத்தால் வெந்நீரே தேவைப்படாது.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் நீர் நிரப்பி, ஒன்றில் கறுப்புத் தாளும் மற்றதில் வெள்ளைத் தாளும் சுற்றி வெயிலில் வைக்கலாம். மதிய உணவுக்குப் பின் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். 6 முதல் 8 வகுப்பு மாணவர்கள் வெப்பநிலைமானியால் அளந்து, மூடியுள்ள பாத்திரத்தையும் மூடியில்லாததையும் ஒப்பிடலாம். உயர்நிலை வகுப்பினர் வாளிக் கணக்கைத் தம் வீட்டு எண்களைக் கொண்டு போடலாம். மின் அட்டையைப் படிக்கவும் இது பயிற்சி.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்வோம். யார் வீட்டில் கீசர், யார் வீட்டில் விறகு என்று கை தூக்கச் சொல்ல வேண்டாம். கணக்கு நோட்டிலேயே இருக்கட்டும். விறகு வீட்டுக் குழந்தைக்கு அண்டா மூடியின் கணக்கு, ராடு வீட்டுக் குழந்தைக்குப் பிளக்கின் எச்சரிக்கை, கீசர் வீட்டுக் குழந்தைக்கு அணைக்கும் பழக்கம் என ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்று இருக்கிறது. அன்று மாலை ஒரு வீட்டில் அண்டாவுக்கு மூடி ஏறினாலும், ஒரு ராடு பிளக் பிடுங்கப்பட்ட பிறகே தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும், பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.